பெரியப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

உட்கார் மாப்ள. டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேள். நீ போனில் அனுப்பிய பட்டியலை முழுக்கப் பார்த்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிக் கதவு வைத்த கேபினட், கலர் கலராக எரியும் ஃபேன்கள். எல்லாம் நல்ல சாமான்தான். உனக்கென்றால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் மெஷின் போகப்போவது பாளையங்கோட்டைக்கு, உன் பெரியப்பா வீட்டுக்கு. 72 வயது அவருக்கு. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் படிக்க வேண்டும், பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், பென்ஷன் சமாச்சாரங்களைக் கவனிக்க வேண்டும், அவருடைய அப்பா நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கும் ஊர்க் கதைகளைத் தமிழில் டைப் அடித்துச் சேர்க்க வேண்டும் என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். இந்த நாலு வேலையில் ஒன்றுக்கும் அந்த கிராபிக்ஸ் கார்டு உதவாது. அவருடைய கண், விரல், காது இந்த மூன்றும் எதன்மேல் படுகிறதோ அதில் பணத்தைப் போடு. பெட்டிக்குள் போவதைச் சிக்கனமாக வைத்துக்கொள்.

முதலில் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்துப் பொருளுக்குத் தக்கபடி தடித்துக்கொள்ள முடியாமல் போவதுதான் அது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே மானிட்டரில்தான் தாராளமாக இருக்க வேண்டும். நீ போட்டிருப்பது 24 இஞ்ச், 1920-க்கு 1080. அதில் ஒரு இஞ்சுக்கு 92 புள்ளி வரும். ஆங்கிலம் படிக்க அது போதும். தமிழுக்குப் போதாது. நம் எழுத்தில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது தலைக்கு மேலே ஒரு சின்னப் புள்ளி. னகரத்தையும் ணகரத்தையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. வழக்கமான எழுத்தளவில் அந்தப் புள்ளிக்குத் திரையில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ புள்ளிதான். வயதான கண்ணுக்கு அது தூசி மாதிரி போய்விடும்.

அதனால் 27 இஞ்சில், 2560-க்கு 1440 உள்ள மானிட்டர் வாங்கு. இஞ்சுக்கு 109 புள்ளி வரும். அப்படியே விட்டால் எழுத்து இன்னும் பொடிதாகத்தான் தெரியும். விண்டோஸில் ஸ்கேல் என்ற இடத்தில் 150 சதவீதம் வைக்க வேண்டும். வைத்தால் எழுத்தும் பெரிதாகும், ஒவ்வொரு எழுத்தையும் வரைய நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை மடங்கு புள்ளியும் கிடைக்கும். சுழி சுழியாகத் தெரியும். அந்த அளவுக்குப் பணம் இல்லையென்றால் 27 இஞ்சிலேயே 1080 வாங்கலாம். எழுத்து 24 இஞ்சில் வருவதைவிட எட்டில் ஒரு பங்கு பெரிதாக வரும், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். எதை வாங்கினாலும் பளபளக்காத மேட் திரை, ஐபிஎஸ் பேனல், உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஸ்டாண்ட் எதற்கு என்று சொல்கிறேன்.

பெரியப்பா போட்டிருப்பது பைஃபோகல் கண்ணாடி. கீழ்ப்பாதி, கையில் பிடித்த புத்தகத்துக்காக, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்தது. மேல்பாதி தெருவைப் பார்க்க. கம்ப்யூட்டர் திரை இருப்பதோ 60, 70 சென்டிமீட்டரில். இரண்டு பாதிக்கும் அது சரியாகச் சிக்காது. என்ன செய்வார்? முகவாயைத் தூக்கி, கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுந்து போய்விடுவார். எத்தனையோ வீட்டில் பெரியவர்கள் மெஷினை மூடி வைத்ததற்குக் காரணம் இந்தக் கழுத்துவலிதான் என்பது என் எண்ணம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஆபீஸ்களில் சொல்லும் விதி இவருக்குப் பொருந்தாது. மானிட்டரை நன்றாகக் கீழே இறக்கி, திரையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து வை. அதைவிட நல்லது ஒன்று உண்டு. அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொல்லி, மூக்குத் தண்டிலிருந்து திரை வரை டேப் பிடித்து அள. அந்த அளவைக் கண் பரிசோதனை செய்கிறவரிடம் சொல்லி, அந்த ஒரு தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி செய்து வாங்கிக் கொடு. நீ கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கியதில் சின்னப் பங்குதான் ஆகும்.

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடு. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் விழும், திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு இந்தக் கூச்சம் இரட்டிப்பாகத் தெரியும்.

இன்னும் கொஞ்சம் டீ ஊற்றவா? அடுத்தது விரல். உன் பெரியப்பாவின் விரல் சாதாரண விரல் இல்லை. ரெமிங்டன், ஃபேசிட் டைப்ரைட்டர்களில் முப்பது வருஷம் அடித்தது. டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவர். லேப்டாப்பில் வருகிற தட்டைப் பட்டனைக் கொடுத்தால் எழுத்து பதிந்ததா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கு. பட்டன் 4 மில்லிமீட்டர் வரை இறங்கும், பாதித் தூரத்தில் ஒரு தட்டு தட்டுப்படும், அங்கேயே எழுத்து பதிந்துவிடும். பிரவுன் ஸ்விட்ச் என்று கேட்டால் அந்தத் தட்டு மட்டும் இருக்கும். புளூ என்றால் டக் டக் என்று சத்தமும் வரும். அவருக்கு எது பிடிக்கும் என்று நீ முடிவு செய்யாதே, கடையில் இரண்டையும் அடித்துப் பார்க்கட்டும். எந்தக் கீபோர்டானாலும் வயர் உள்ளதாக இருக்கட்டும். பேட்டரி தீர்ந்துபோய் ‘வேலை செய்யவில்லை’ என்று உனக்கு ராத்திரி போன் வராது.

இப்போது தமிழ் டைப்பிங். இதில் இளைஞர்கள் அவசரப்பட்டு ‘அம்மா’ என்பதற்கு ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் வரும் முறையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழ் அடிக்க அவர் எதற்கு இந்த வயதில் பழக வேண்டும்? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்று அழகாகப் பிரித்தது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். பெரியப்பாவுக்கு அதுவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வகுத்த வரிசையின் வழிவந்ததுதான் அவர் விரலில் ஏறியிருப்பது. அந்தப் பழைய டைப்ரைட்டர் வரிசையை யூனிகோடில் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. என்எச்எம் ரைட்டர் இலவசம். அதில் அந்த வரிசை இருக்கிறது. லினக்ஸிலும் அது உண்டு.

அதைப் போடும்போது ஒன்றைச் சோதித்துப் பார். டைப்ரைட்டரில் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. யூனிகோடோ க-வை முதலில் வைத்து, கொம்பை அதன் பின்னால் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் வந்து நிற்கும். ஆகவே அவர் கொம்பை முதலில் அடித்தாலும் மென்பொருள் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யோடு சரியாக மாற்றிச் சேர்க்க வேண்டும். ‘கொய்யா’, ‘கேணி’, ‘கௌளி’ என்று மூன்று சொல் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இது சரியாக அமைந்துவிட்டால் முதல் நாளே முழு வேகத்தில் அடிப்பார், பார்த்துக்கொள்.

வயதானவர்கள் பட்டனைக் கொஞ்சம் நேரம் கூடுதலாக அழுத்தி வைப்பார்கள். ‘கக்கக்கக’ என்று திரை நிறையும். கீபோர்டு செட்டிங்கில் ரிப்பீட் டிலே என்று இருப்பதை மிக நீளமாக வைத்துவிடு. மவுஸில் டபுள் கிளிக் வேகத்தைக் குறை. அம்புக்குறியை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கிக் கறுப்பிலோ மஞ்சளிலோ வை. எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. மவுஸ் மட்டும் உள்ளங்கை நிறைய இருக்கும்படி பெரிதாக வாங்கு.

காதுக்கு, மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரை நம்பாதே. சத்தம் பின்பக்கம் போகும். பேச்சு தெளிவாகக் கேட்க, திரைக்கு இருபுறமும் முகத்தைப் பார்த்து நிற்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், திருகி ஏற்றி இறக்கும் குமிழ் முன்பக்கத்தில் இருப்பதாக. கேமராவை மானிட்டர் தலையில் மாட்டிவிடு.

இனி கரண்டு. இதைச் சொல்லாமல் கம்ப்யூட்டர் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. பழைய வீடுகளில் கேபினட் இரும்பைத் தொட்டால் ஜிவ்வென்று ஓர் இழுப்பு இருக்கும். ‘கம்ப்யூட்டர் ஷாக் அடிக்கிறது’ என்பார்கள். மெஷினில் கோளாறு இருக்காது. கேபினட்டுக்குள் கரண்டு கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து பாடிக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து பாடிக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் முழுக்க 230-இல் பாதி, அதாவது ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். ஓடுகிற மின்சாரம் மிகக் குறைவு, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் வயதானவர் திடுக்கிட்டுக் கையை இழுத்தால் விழக்கூடும். அதோடு, எஸ்எம்பிஎஸ்ஸில் நிஜமாகவே ஒரு கோளாறு வரும் நாளில் காப்பாற்ற எர்த் அங்கே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த மூன்று பின் ப்ளக்கில் மீட்டர் வைக்கச் சொல். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் கூடாது. வராவிட்டால் கொல்லையில் உள்ள எர்த் குழி காய்ந்து போயிருக்கும். அதைச் சரி செய்த பிறகு மெஷினை வை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, தனியாக யுபிஎஸ் எதற்கு என்று கேட்பாய். கரண்டு போனதும் எஸ்எம்பிஎஸ் தன்னுள் தேங்கியிருக்கும் மின்சாரத்தை வைத்து ஏறக்குறைய 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். அதற்குள் அடுத்த மின்சாரம் வந்துவிட வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதில் வைத்தால் அந்த நேரத்துக்குள் மாறிவிடும். சாதாரண மோடில் மாறுவதற்குள் மெஷின் அணைந்துவிடும், பாதி அடித்த பக்கம் போய்விடும். ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒரு 600 விஏ யுபிஎஸ் வாங்கு. நாம் சேர்க்கப்போகும் மெஷின் சாதாரண வேலையில் 100 வாட்டைத் தாண்டாது. சேமித்துவிட்டு நிதானமாக அணைக்க நேரம் கிடைக்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியிருக்கும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகக் கூடாது என்று அவரிடம் சொல்லிவை. அதன் ஹீட்டர் இழுக்கும் இழுப்பை யுபிஎஸ் தாங்காது.

கேபினட்டோடு சேர்ந்து வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வேண்டாம். ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருப்பார்கள், எடை பார்த்தாலே உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். 80 பிளஸ் முத்திரை உள்ளதாக, தனி வாரண்டியோடு, 450 வாட்டில் ஒன்று போதும்.

உள்ளே போவது இனி சுலபம். பிராசசருக்கு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போதும். 2021-இல் வந்தது, ஆறு கோர், படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் பக்கம் போனால் ஐ3 12100. கடையில் கொஞ்சம் மலிவாக 12100எஃப் என்று எடுத்து வைப்பார்கள். அந்த எஃப் இருந்தால் படம் காட்டும் பகுதி கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரை கறுப்பாகவே இருக்கும். ஏஎம்டியிலும் ஜி இல்லாத 5600 அப்படித்தான். ராம் 16 ஜிபி, ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்கு. படம் காட்டும் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லாததால் இந்த ராமைத்தான் அது பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு பாதையில் தகவல் போய்வந்தால் அதற்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால். அதனால் வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று கடையில் விசாரி. ஸ்டோரேஜுக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று. குடும்பப் படங்களுக்கும் அந்த நோட்டுகளுக்கும் வெளியே ஒரு டிஸ்க், மாதம் ஒரு தரம் நகல் எடுக்க.

உன் பழைய மெஷினையே கொடுக்கலாமா என்று கேட்டாய். அதில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் பாளையங்கோட்டையில் அவருக்குப் பக்கத்தில் உதவி செய்யக்கூடியவர்களுக்குத் தெரிந்தது விண்டோஸ். அதனால் புதிதாகவே சேர்க்கலாம் என்கிறேன்.

சேர்க்கும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வை. டைப்ரைட்டரைக் கழற்றிப் பிரஷ் போட்டு, எண்ணெய் விட்டுப் பழகியவர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் மெஷினைக் கண்டு பயப்பட மாட்டார். பிராசசரில் ஒரு மூலையில் தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு அதைப் பொருத்திக் கீழே வைத்தால் தானே இறங்கும். அழுத்தவே கூடாது. ராமுக்கு நேர் எதிர், இரண்டு முனையையும் கட்டை விரலால் அழுத்தினால்தான் கிளிப் பூட்டிக்கொள்ளும். நாலு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு. எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, ஸ்க்ரூ போட வேண்டும். மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக ஒரு 8 பின் கரண்டு இணைப்பு உண்டு. ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்று தவிப்பவர்களில் பாதிப்பேர் அதை மறந்தவர்கள்தான். பயாஸில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸ் போடு.

கேபினட்டைத் தரையில் வைக்காதே. மேசைமேல், அவர் கைக்கு எட்டுகிற பக்கம் வை. முழங்கால் வலியோடு குனிந்து பென் டிரைவ் சொருக வேண்டாம். பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட்களுக்கெல்லாம் தகட்டு மூடி போட்டிருக்கிறதா பார். அந்தச் சந்து வழியாகத்தான் பல்லி உள்ளே போய் போர்டில் முட்டிக்கொண்டு சாகும், போர்டையும் சாகடிக்கும். முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருந்தால் நல்லது.

எல்லாம் ஓடிய பிறகு அவருக்கு அட்மின் உரிமை இல்லாத ஒரு கணக்கு திறந்து கொடு. அட்மின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பெரியம்மாவிடம் கொடுத்து வை. அவர்மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோவில் காக்கிச்சட்டையோடு வந்து மிரட்டுகிறவர்கள் பென்ஷன் வாங்குகிறவர்களைத்தான் தேடுகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் ஆப்பைப் போடச் சொல்லிக் கேட்பார்கள். பாஸ்வேர்டு கேட்டு மெஷின் நின்றால், பெரியம்மாவைக் கூப்பிடும் அந்த ஒரு நிமிஷம் யோசிக்க இடம் கொடுக்கும். 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டு. பணம் போய்விட்டால் முதலில் கூப்பிட வேண்டிய எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கே வாங்குவது? ரிச்சி தெருவில் விலை குறைவு, எனக்குத் தெரியும். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எல்லாச் சாமானும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஆறு மாதத்தில் எஸ்எம்பிஎஸ் போனால் அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு யார் வருவது? மானிட்டர், எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் மூன்றையும் திருநெல்வேலியிலேயே, வீட்டுக்கு ஆள் அனுப்பும் கடையில் வாங்கு. கொஞ்சம் கூடுதலாகும், பரவாயில்லை. பிராசசர் பெட்டியோடு வருகிறதா பார். டிரே என்று உதிரியாகக் கொடுப்பதை வாங்கினால் கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டி இருக்காது. ஒவ்வொரு சாமானின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்க வேண்டும். பில்லைப் படமெடுத்து நீ ஒன்று வைத்துக்கொள். வெயிலில் அந்த பில் எழுத்தெல்லாம் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும்.

கீபோர்டு வாங்கும் அன்று மட்டும் அவரைக் கூட்டிக்கொண்டு போ. சாயங்காலம் கடையில் கூட்டமாக இருக்கும், காலை பத்தரைக்குப் போனால் உட்கார நாற்காலி போட்டு நாலைந்து கீபோர்டு எடுத்து வைப்பார்கள்.